ஆப்பிரிக்க நாவல்களில் உள்நாட்டுப் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கப் போர் நாவல்களை வாசிப்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும், ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில்களை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். தலைப்புகளை ஆங்கிலப் பதிப்பில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன், தேடி வாங்க அதுதான் வசதி. இன்னொன்று, பல இடங்களில் கதையின் முடிவைப் போட்டு உடைத்திருக்கிறேன். முடிவு தெரிந்தால் வாசிக்கப் பிடிக்காது என்பவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கே ஏகப்பட்ட போர்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேச முடியுமா?

முடியாது. 54 நாடுகள் உள்ள கண்டம் அது. நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்தது பிரிவினைப் போர். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த போரைத் தூண்டிவிட்டதில் பக்கத்து ரொடீசியாவுக்கும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவுக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கோலாவில் 1975-இல் போர்த்துக்கீசியர் கப்பலேறிய கையோடு பிடித்த தீ 2002-இல்தான் அணைந்தது. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை. ருவாண்டாவில் 1994-இல் நூறு நாளில் நடந்தது இனப்படுகொலை. 1990-இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு நடுவே நடந்ததால் இந்தப் பேச்சில் அதுவும் வருகிறது, ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. 'இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள்' என்று சொல்லிவிட்டால் கொன்றவனுக்கு ரொம்ப வசதியாகிவிடும்.

ஆனாலும் இந்த நாவல்களைத் தொடர்ந்து வாசித்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். சண்டைக் காட்சி குறைவு. தளபதிகளும் வரைபடமும் குறைவு. ரோடு, சைக்கிள், செல்லாமல் போன பணம், பாதி இடிந்த வீடு, ஊருக்குத் திரும்பி வந்தவனைக் கண்டு கதவைச் சாத்துகிற அக்கம்பக்கம், இவைதான் பக்கம் பக்கமாக வருகின்றன. என்னைக் கேட்டால் இந்த எழுத்தாளர்களில் நல்லவர்கள் எல்லோருக்கும் போரைவிட அது முடிந்த மறுநாள்தான் பெரிய விஷயம். இனிமேல் யார் யாரோடு ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இருக்கப்போகிறார்கள்?

எதற்கெடுத்தாலும் பியாஃப்ரா என்கிறார்களே, ஏன்?

1966-இல் நைஜீரியாவில் இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்தன. வட பகுதியில் குடியேறியிருந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், தப்பியவர்கள் ரயிலேறிக் கிழக்கே ஓடினார்கள். 1967 மே 30 அன்று கிழக்குப் பகுதியின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு அந்தப் பகுதியைப் பியாஃப்ரா என்ற தனி நாடாக அறிவித்தார். ஜூலையில் போர் தொடங்கியது, 1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்தது. இடைப்பட்ட இரண்டரை வருஷத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் குண்டடி பட்டவர்கள் இல்லை, முற்றுகையில் சோறில்லாமல் போனவர்கள், அதிலும் குழந்தைகள். குவாஷியோர்கர் என்று டாக்டர்கள் சொல்கிற புரதக்குறை நோயில் வயிறு ஊதி, தலைமுடி செம்பட்டையாகிப்போன அந்தக் குழந்தைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன.

எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் அந்தப் போருக்குள் இருந்தார்கள் என்பதுதான் அடுத்த காரணம். கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ துப்பாக்கி ஏந்திப்போய் 1967-லேயே செத்தார். வோலே சோயிங்காவை மத்திய அரசு சிறையில் போட்டது. சினுவா அச்செபே பியாஃப்ராவின் தூதராக வெளிநாடுகளுக்கு அலைந்தார். ஃப்ளோரா நுவாப்பா, புச்சி எமச்செட்டா, சுக்வுமேக்கா ஐக் என்று நாவலாசிரியர்களின் வரிசையே உண்டு. கடைசியில் போர் முடிந்து ஏழு வருஷம் கழித்து, 1977-இல் பிறந்த சிமாமந்தா ங்கோசி அடிச்சி 2006-இல் 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' எழுதினார். அவருடைய இரண்டு தாத்தாக்களும் அந்தப் போரில் இறந்தவர்கள். தலைப்பு பியாஃப்ராக் கொடியில் இருந்த பாதிச் சூரியனைக் குறிக்கிறது. நம்மில் பலர் இந்தப் போரைப் பற்றிக் கேள்விப்பட்டதே அந்த நாவலால்தான், நானும் அப்படித்தான்.

அதில் ஒரு இடம். வடக்கேயிருந்து அகதிகளை ஏற்றிவரும் ரயில், உள்ளே நெரிசல், கதாநாயகி ஒலான்னாவுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மடியில் சுரைக்குடுவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திறந்து காட்டுகிறாள். உள்ளே அவளுடைய சின்னப் பெண்ணின் தலை. அந்த அம்மா அழுவதில்லை, இந்த முடியைப் பின்ன எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா என்கிற ரீதியில் பேசுகிறாள். படுகொலையைப் பற்றி நாவலில் வேறு என்னென்னவோ வருகிறது, எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்தப் பின்னல்தான்.

அப்படியானால் பியாஃப்ராக் கதை என்றால் இக்போ மக்களின் கதைதானே?

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கென் சாரோ விவாவை எடுக்க வேண்டும். அவர் ஓகோனி இனத்தவர். பியாஃப்ரா எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்ட சிறுபான்மையினருக்கு அது தங்கள் நாடாகத் தோன்றவில்லை, சாரோ விவா மத்திய அரசின் பக்கம் நின்றார், போனி துறைமுகத்துக்கு நிர்வாகியாகவும் இருந்தார். 1985-இல் அவர் எழுதிய 'சோசாபாய்' நாவலுக்கு அவரே கொடுத்த துணைத்தலைப்பு, அழுகிய ஆங்கிலத்தில் ஒரு நாவல் என்பது. 'சோசா' என்றால் சோல்ஜர். பிட்ஜின் என்கிற கலப்புப் பேச்சு ஆங்கிலம், அரைகுறைப் பள்ளி இங்கிலீஷ், கொஞ்சம் நல்ல ஆங்கிலம் எல்லாம் கலந்த ஒரு மொழியில் மேனே என்கிற லாரி ஓட்டப் பழகும் பையன் கதை சொல்கிறான். புத்தகத்தின் முதல் வார்த்தையே 'ஆனாலும்' என்கிற மாதிரி ஒன்று. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், ஒன்றும் கிடையாது.

மேனே ஏன் பட்டாளத்தில் சேர்கிறான்? யூனிஃபார்ம் நன்றாக இருக்கிறது, கட்டிக்கொண்ட பெண்ணுக்கு வீரமான புருஷன் வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கத்துக்காகச் சண்டை போடுகிறோம் என்று அவனுக்குக் கடைசிவரை விளங்குவதில்லை. மான்முஸ்வாக் என்று ஒரு ஆள் வருகிறான், ஒரு சமயம் எதிரி, ஒரு சமயம் நண்பன், எந்த முகாமுக்குப் போனாலும் அங்கேயும் அவன் இருக்கிறான். அந்தப் பெயரைப் பிரித்துப் படித்தால் 'மனுஷன் சாப்பிட்டாகணும்' என்று அர்த்தம். நாவலின் அரசியல் முழுக்க அந்தப் பெயரில் இருக்கிறது என்று நான் சொல்வேன்.

முடிவு இன்னும் மோசம். எங்கெங்கோ அடிபட்டு, அம்மாவையும் பெண்டாட்டியையும் தேடி மேனே தன் ஊரான டுகானாவுக்குத் திரும்புகிறான். இரண்டு பேருமே குண்டுவீச்சில் போய்விட்டார்கள். ஊரில் நோய் பரவிக்கொண்டிருக்கிறது, போரில் செத்துப்போன மேனேதான் பேயாக வந்து எல்லோரையும் கொல்கிறான் என்று ஊரே நம்புகிறது. உயிரோடு இருப்பவன், நான் சாகவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு ஓடுகிறான்.

அச்செபே ஏன் இந்தப் போரை நாவலாக எழுதவில்லை?

கவிதை எழுதினார், 'கேர்ள்ஸ் அட் வார்' என்று 1972-இல் சிறுகதைத் தொகுப்பு போட்டார், கடைசியாக 2012-இல் 'தேர் வாஸ் எ கன்ட்ரி' என்று நினைவுக்குறிப்பு எழுதினார். நாவல் மட்டும் இல்லை. காரணத்தை ஊகிப்பதைவிட அந்தத் தொகுப்பில் உள்ள 'சிவில் பீஸ்' என்ற சின்னக் கதையை வாசிப்பது லாபம். ஒரு நாவல் முந்நூறு பக்கத்தில் செய்வதை அது ஏழெட்டுப் பக்கத்தில் முடித்துவிடுகிறது.

ஜொனாதன் இவெக்பு என்று ஒருவன். போர் முடிந்துவிட்டது. அவன் தலை, பெண்டாட்டி தலை, நாலு பிள்ளைகளில் மூன்று பேருடைய தலை, ஆக ஐந்து தலை மிச்சம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று சந்தோஷப்படுகிறவன். போரின்போது தன் பழைய சைக்கிளைப் புதைத்து வைத்திருந்தான். எங்கே? முகாமில் செத்தவர்களை, தன் கடைசி மகன் உட்பட, அடக்கம் செய்த அதே இடத்தில். தோண்டி எடுத்து, கொஞ்சம் பனை எண்ணெய் போட்டுத் துடைத்ததும் ஓடுகிறது. அதையே டாக்ஸி மாதிரி ஓட்டிக் காசு பார்க்கிறான். பிள்ளைகள் மாங்காய் பறித்து விற்கிறார்கள், பெண்டாட்டி காலையில் அக்கரா சுடுகிறாள், பயற்று மாவில் செய்கிற நம்ம வடை மாதிரியான சமாச்சாரம். எனுகுவில் அவன் வீடு இடியாமல் நிற்கிறது. பக்கத்திலேயே இருந்த பெரிய கான்கிரீட் கட்டடம்தான் தரைமட்டம்.

அப்புறம் அரசாங்கம், வைத்திருந்த பியாஃப்ராப் பணத்தை ஒப்படைத்தவர்களுக்கு இருபது பவுண்டு கருணைத் தொகை தருகிறது. ஆபீஸ் பாஷையில் அது 'எக்ஸ் கிரேஷியா'. ஜனங்கள் வாயில் நுழையாமல் 'எக் ராஷர்' ஆகிவிடுகிறது. இது அச்செபே கற்பனை இல்லை, போருக்குப் பிறகு பியாஃப்ராக்காரர்களின் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் கையில் கிடைத்தது இருபது பவுண்டுதான், அந்தக் கோபம் இன்றைக்கும் அங்கே ஆறவில்லை. ஜொனாதனுக்கு அந்த இருபது கிடைத்த ராத்திரியே வீட்டுக் கதவைத் திருடர்கள் தட்டுகிறார்கள். வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டுக் கத்துகிறார்கள், ஒருத்தரும் வரவில்லை. சரி, நாங்களும் சேர்ந்து கூப்பிடுகிறோம் என்று திருடர்களே கோரஸாகக் கத்துகிறார்கள், அப்போதும் ஒருத்தரும் வரவில்லை. இதைவிடத் துல்லியமாகப் போருக்குப் பிந்தைய ஒரு அரசாங்கத்தை வேறு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பணத்தைக் கொடுத்துவிடுகிறான். மறுநாள் விடியும்போது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பார்த்தால், அவன் சைக்கிள் கேரியரில் கள்ளுக் குடுவையைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

போரே வராத போர் நாவல் என்று ஒன்றைச் சொல்வார்களே, அது எது?

மியா கோட்டோவின் 'ஸ்லீப்வாக்கிங் லேண்ட்'. போர்த்துக்கீசிய மொழியில் 1992-இல் வந்தது. அதே வருஷம் அக்டோபர் 4 அன்றுதான் ரோமில் மொசாம்பிக் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. கோட்டோ உயிரியலாளர், இது தெரிந்து படித்தால் அவருடைய மரமும் மிருகமும் ஏன் இவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்பது புரியும்.

கதை இப்படி. அந்த ஊரில் போர் மனிதர்களைக் கொல்வதற்கு முன்னால் ரோட்டைக் கொன்றுவிட்டது. செத்த ரோட்டில் துவாயிர் என்ற கிழவரும் முயிடிங்கா என்ற பையனும் நடந்து வருகிறார்கள். எரிந்துபோன ஒரு பஸ் கிடக்கிறது, உள்ளே கரிக்கட்டையான பயணிகள். ஏற்கெனவே எரிந்ததை யாரும் மறுபடி எரிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, பிணங்களைப் புதைத்துவிட்டு அந்தப் பஸ்ஸிலேயே தங்குகிறார்கள். பக்கத்தில் ஒருவனின் பிணம், அவன் பெட்டிக்குள் நோட்டுப் புத்தகங்கள். ராத்திரி ராத்திரி பையன் கிழவருக்கு அவற்றை வாசித்துக் காட்டுகிறான். ரோட்டில் ஒரு வண்டி கிடையாது, பஸ் நகர்வதே கிடையாது, ஆனால் ஒவ்வொரு நாள் விடியும்போதும் வெளியே நிலம் மட்டும் மாறியிருக்கிறது.

இதை மாய யதார்த்தம் என்று ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. கண்ணிவெடிக்குப் பயந்து ஒரு தலைமுறையே ரோட்டைத் தொடாமல் இருந்த நாட்டில், நிலம் தானே நகர்ந்து வந்தால்தான் உண்டு என்று ஒரு பையன் நினைப்பதில் மாயம் எங்கே இருக்கிறது?

சிறுவர் போராளிகளைப் பற்றி இத்தனை நாவல்கள் ஏன்? வெளிநாட்டில் விற்கும் என்பதாலா?

அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன். 2000-க்குப் பிறகு ஒரு பத்து வருஷம், கையில் ஏகே-47 பிடித்த ஆப்பிரிக்கப் பையன் அட்டையில் இல்லாவிட்டால் லண்டனிலும் பாரிஸிலும் புத்தகம் போட மாட்டார்களோ என்று தோன்றுகிற அளவுக்கு வந்தன. அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது.

அஹ்மது குரூமாவின் 'அல்லா இஸ் நாட் ஒப்லைஜ்ட்' 2000-இல் பிரெஞ்சில் வந்து ரெனோதோ என்ற பிரெஞ்சு இலக்கியப் பரிசு வாங்கியது. ஐவரி கோஸ்ட்காரரான குரூமாவுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். ஜிபூட்டியில் பள்ளிக் குழந்தைகள் இந்த இனச் சண்டைகளைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டதால் எழுதினார், சமர்ப்பணமும் அவர்களுக்குத்தான். கதை சொல்பவன் பிராஹிமா, பத்தோ பன்னிரண்டோ வயது, சித்தியைத் தேடி லைபீரியாவுக்கும் சியரா லியோனுக்கும் போய் இடையில் துப்பாக்கி தூக்குகிறான். அவனிடம் நாலு அகராதிகள் இருக்கின்றன. கஷ்டமான வார்த்தை வந்தால் உடனே அடைப்புக்குறி போட்டு அகராதி அர்த்தம் சொல்லிவிட்டுத்தான் மேலே போவான், வெள்ளைக்காரனுக்குப் புரியாத ஆப்பிரிக்க வார்த்தை, ஆப்பிரிக்கனுக்குப் புரியாத பாரிஸ் வார்த்தை, இரண்டுக்கும். முதலில் சிரிப்பு வரும். ஐம்பது பக்கம் போன பிறகு, 'மனிதாபிமானத் தலையீடு' வகையறா வார்த்தைகளுக்கு அகராதி சொல்கிற அர்த்தமும் பையன் பார்த்துவந்த காட்சியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது சிரிப்பு தொண்டையில் சிக்கும். கூட இருந்த பிள்ளைகள் செத்தால், மனசு இருந்தால் மட்டும், நின்று இரங்கல் உரை சொல்வான். இல்லையென்றால் மாட்டேன் என்று நம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவான்.

எமானுவேல் தொங்காலாவின் 'ஜானி மேட் டாக்' காங்கோ பிராசவில் பின்னணி. ஒரு அத்தியாயம் ஜானி, அடுத்தது லாவோகொலே என்ற பெண், இரண்டு பேருக்கும் பதினாறு வயது. அவன் தனக்கு ஒரு பயங்கரமான பட்டப்பெயர் அமையவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்கிறான். அவள் கால் இழந்த அம்மாவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள். ஒரே சம்பவத்தை இரண்டு பேரும் சொல்லும்போது யாருடைய போர் எது என்று தனியாக விளக்கம் தேவைப்படுவதில்லை. க்ரிஸ் அபானியின் 'சாங் ஃபார் நைட்' கதாநாயகன் கண்ணிவெடி தேடும் பையன். வெடித்தால் அலறி மற்ற பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்று அவர்கள் எல்லோருடைய குரல்நாணையும் முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள். பெயர் பெற்ற 'பீஸ்ட்ஸ் ஆஃப் நோ நேஷன்' (உசோதின்மா இவேலா, 2005) எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. நாட்டின் பெயரையே சொல்லாமல் விட்டதில் போர் ஏன் நடக்கிறது என்பதும் கூடவே காணாமல் போய்விடுகிறது.

இதில் பலர் கவனிக்காமல் விடும் சிறுவன் ஒருவன் அடிச்சியின் நாவலில் இருக்கிறான். உக்வூ, கிராமத்திலிருந்து ஒலான்னா வீட்டுக்கு வந்த வேலைக்காரப் பையன், வாசகருக்கு ரொம்பப் பிடித்தவன். கட்டாயமாகப் பட்டாளத்தில் பிடித்துப் போடப்படுகிறான். அங்கே ஒரு மதுக்கடையில் வேலை செய்யும் பெண்ணைப் பலர் சேர்ந்து நாசம் செய்யும்போது, கூட இருப்பவர்கள் கேலி செய்ததும், அவனும் செய்கிறான். அடிச்சி அவனுக்காக வக்காலத்து வாங்கவில்லை. போரைப் பற்றிய உண்மையான புத்தகத்தை எழுதி முடிப்பவன் அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் ரிச்சர்டு இல்லை, இந்த உக்வூதான் என்பது பின்னால் தெரிகிறது. அந்தப் பெண்ணின் கண் அவனை விடாத நிலையில்தான் எழுதுகிறான்.

இவ்வளவு கொடூரத்தை அழகான மொழியில் எழுதலாமா?

இதற்கு இரண்டு எழுத்தாளர்கள் நேர் எதிரான பதிலைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜிம்பாப்வேயின் யுவோன் வேரா 'தி ஸ்டோன் விர்ஜின்ஸ்' நாவலை 2002-இல் எழுதினார். விடுதலை கிடைத்த சூட்டோடு 1983-இலிருந்து மடாபெலேலேண்டில் ராணுவத்தின் ஐந்தாம் படைப்பிரிவு நடத்திய கொலைகள் அதன் பின்னணி. குகுராஹுண்டி என்று பெயர், ஷோனா மொழியில் பதரை அடித்துப்போகும் மழை. நாவலில் கெசி என்ற சிற்றூரில் இரண்டு சகோதரிகள். காட்டிலிருந்து வந்த ஒரு பழைய போராளி அக்காவின் தலையைச் சீவிவிட்டு, தங்கையின் உதடுகளை அறுத்துவிடுகிறான். வேரா இதைக் கிட்டத்தட்டக் கவிதையாக எழுதுகிறார், நடனம் மாதிரி மெதுவாக. என்ன நடந்தது என்பது நமக்கு இரண்டாவது முறை வாசிக்கும்போதுதான் உறைக்கும். எனக்கு இதில் இன்னும் தீர்ப்பு இல்லை. சில நாள் மகத்தான எழுத்து என்று படுகிறது, சில நாள் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன்.

செனகலின் பூபக்கர் போரிஸ் ஜோப் மறுபக்கம். 1998-இல் சுமார் பத்து ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் ருவாண்டாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவது என்று ஒரு முயற்சி நடந்தது. அதில் போனவர். அதுவரை சிக்கலான, விளையாட்டான உத்திகளில் எழுதிக்கொண்டிருந்தவர், முறாம்பி தொழிற்பள்ளியில் சுண்ணாம்பு பூசி வைத்திருக்கும் உடல்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய 'முறாம்பி' நாவலில் அந்த வித்தையை எல்லாம் மூட்டை கட்டிவிட்டார். நேரடியான சின்னச் சின்ன வாக்கியங்கள். ஜிபூட்டியிலிருந்து பல வருஷம் கழித்து ஊர் திரும்பும் கொர்னேலியுஸ், குடும்பத்தை இழந்தவன் என்ற நினைப்போடு வருகிறான். அந்தப் பள்ளியில் ஆயிரக்கணக்கானோரைத் தஞ்சம் தருவதாகச் சொல்லிக் கூட்டி வைத்துக் கொல்ல ஏற்பாடு செய்தவர் தன் அப்பா என்று தெரிகிறது, அம்மாவும் அங்கேயே செத்தவள். அந்தப் பயணத்துக்குப் பிறகு ஜோப் தன் தாய்மொழி வோலோஃபில் நாவல் எழுதத் தொடங்கினார், 'தூமி கோலோ' 2003-இல் வந்தது.

போர் முடிந்த பிறகு நடக்கும் கதைகளில் எதை எடுக்கலாம்?

அமினாட்டா ஃபோர்னாவின் 'தி மெமரி ஆஃப் லவ்' (2010). தயங்காமல் சொல்வேன். போர் ஓய்ந்த சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன், ஒரு ஆஸ்பத்திரி. அங்கே வரும் பிரிட்டிஷ் மனநல நிபுணர் ஏட்ரியனிடம் ஆக்னஸ் என்ற பெண்ணைக் கூட்டி வருகிறார்கள். திடீர் திடீரென்று வீட்டை விட்டுக் கிளம்பி நாள்கணக்கில் நடந்துகொண்டே இருப்பாள், எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. நோய்க்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டதாக அவர் குதூகலிக்கிறார். மெதுவாகத்தான் விஷயம் வெளியே வருகிறது. அவள் கண் முன்னால் அவள் புருஷனின் தலையை வெட்டியவன் ஒருவன். போர் முடிந்து முகாமிலிருந்து அவள் மகளைத் தேடி வந்து பார்த்தால், மகள் கட்டியிருப்பது அவனை. மகளுக்கு எதுவும் தெரியாது. ஊருக்குத் தெரியும், ஊர் வாய் திறக்காது. அவள் அவன் வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும். நடக்காமல் என்ன செய்வாள்?

சியரா லியோனில் 1999 லோமே சமாதான ஒப்பந்தம் போராளிகளுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தது என்ற ஒரு வரிச் செய்தியை நாம் சரித்திரப் புத்தகத்தில் படித்துவிட்டுப் போய்விடுவோம். அந்த வரி ஒரு சமையலறைக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் ஆக்னஸ்.

அங்கோலாவுக்கு ஹோசே எடுவார்டோ அகுவாலுசாவின் 'எ ஜெனரல் தியரி ஆஃப் ஆப்ளிவியன்'. 1975-இல் விடுதலைக்கு முந்தின நாட்களில் லுவாண்டாவில் லூடோ என்ற போர்த்துக்கீசியப் பெண் பயந்துபோய்த் தன் அடுக்குமாடி வீட்டு வாசலுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டு முப்பது வருஷம் போல உள்ளேயே கிடக்கிறாள். சமைக்கப் புத்தகங்களைக் கொளுத்துகிறாள், சுவரில் கரியால் எழுதுகிறாள், வீட்டில் கிடைத்த வைரங்களை இரையாகப் போட்டுப் புறா பிடித்துத் தின்கிறாள். சோமாலியாவுக்கு நூருதீன் ஃபாராவின் 'லிங்க்ஸ்'. அம்மாவின் கல்லறையைத் தேடி நியூயார்க்கிலிருந்து மொகதிஷு வரும் ஜீப்லே விமானத்தை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில், பொழுதுபோகாத துப்பாக்கிப் பையன்கள் பந்தயம் கட்டி ஒரு பத்து வயதுச் சிறுவனைச் சுடுவதைப் பார்க்கிறான். மற்ற இடங்களில் ஃபாரா கொஞ்சம் பேச்சு அதிகம், பொறுமை வேண்டும்.

ஐ.நா., தொண்டு நிறுவனம் எல்லாம் எப்படி வருகின்றன?

பெரும்பாலும் நல்ல மனசோடு, ஒன்றும் புரியாமல். கோட்டோவின் 'தி லாஸ்ட் ஃப்ளைட் ஆஃப் தி ஃப்ளமிங்கோ'வில் அமைதி காக்க வந்த நீலத் தொப்பி வீரர்கள் ஒவ்வொருவராக வெடித்துச் சிதறுகிறார்கள். மிச்சம் கிடப்பது தொப்பியும் ஒரு ஆணுறுப்பும். எந்த அதிகாரி வந்து விசாரித்தாலும் அறிக்கை எழுத முடியவில்லை.

இப்படி எழுதினால் அங்கே பிரச்சினை வராதா?

வரும். அல்ஜீரியா நல்ல உதாரணம். 1990-களில் இஸ்லாமிய ஆயுதக் குழுக்களுக்கும் அரசுக்கும் நடந்த போரை அங்கே கருப்புப் பத்தாண்டு என்பார்கள். 2006-இல் வந்த சமாதானச் சட்டம் ஆயுதம் தூக்கியவர்களில் பெரும்பாலோருக்கு மன்னிப்பு கொடுத்தது. அதன் 46-ஆவது பிரிவு, அந்தக் காயங்களைக் கிளறி அரசை இழிவுபடுத்துகிறவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருஷம் சிறை என்கிறது. கொன்றவன் வெளியே, பேசுகிறவன் உள்ளே. கமெல் தாவுத் தன் 'ஹூரிஸ்' நாவலை அந்தச் சட்டப்பிரிவை மேற்கோள் காட்டித்தான் தொடங்குகிறார். ஐந்து வயதில் கழுத்தறுபட்டுப் பிழைத்து, குரல் போய்விட்ட ஒரு பெண் வயிற்றிலிருக்கும் குழந்தையோடு மனசுக்குள் பேசும் கதை. 2024-இல் பிரான்ஸின் கோன்கூர் இலக்கியப் பரிசு வாங்கியது. அதே சமயம், இது என் கதை, என் அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார் என்று ஒரு பெண் வழக்குப் போட்டிருக்கிறார், தாவுத் மறுக்கிறார். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பாதிக்கப்பட்டவரின் கதை யாருடைய சொத்து என்ற இந்தக் கேள்வி நான் மேலே சொன்ன எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

நைஜீரியாவில் அடிச்சியின் நாவலைத் தடுக்கவில்லை. ஆனால் அதை வைத்து எடுத்த சினிமாவுக்கு 2014-இல் தணிக்கைக் குழு இழுத்தடித்துத்தான் சான்றிதழ் கொடுத்தது. சாரோ விவாவை 1995 நவம்பர் 10 அன்று ராணுவ அரசு தூக்கில் போட்டது. அது நாவலுக்காக இல்லை, ஓகோனி மண்ணை எண்ணெய்க் கம்பெனிகள் நாசமாக்குவதை எதிர்த்துப் போராடியதற்காக.

ஈழத்துப் போர் நாவல்களோடு ஒப்பிட்டு வாசிக்கலாமா?

ஷோபாசக்தியின் 'கொரில்லா'வைப் படித்துவிட்டு சோசாபாயை எடுப்பவருக்கு அந்தச் சிரிப்பின் ருசி உடனே பிடிபடும். அதற்கு மேல் இது அதுபோல என்று கட்டம் போட்டு ஒப்பிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. பியாஃப்ராவின் பட்டினியும் முள்ளிவாய்க்காலும் தனித்தனி. தமிழில் கிடைக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: அச்செபேயின் முதல் நாவல் 'சிதைவுகள்' என்று என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது, அது போர் நாவல் இல்லை.

கைனெனே கடைசியில் என்ன ஆனாள்?

'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' படித்து முடித்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒலான்னாவின் இரட்டைச் சகோதரி கைனெனே அகதி முகாமை நடத்துகிறாள். போர் முடியப்போகும் நேரத்தில், முகாமுக்குச் சாமான் வாங்க எதிரி எல்லைக்குள் போய்ச் சந்தை வியாபாரம் செய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போகிறாள். அப்படிப் போய்வருவதற்கு அங்கே பெண்களிடம் ஒரு தனிப் பெயரே உண்டு, 'அஃபியா அட்டாக்'. போனவள் வரவில்லை. சில நாளில் போர் நின்றுவிடுகிறது. அவள் காதலன் ரிச்சர்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறான், ஒலான்னா படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கேட்கிறாள், வைத்தியக்காரனிடம் போகிறாள், ஆற்றில் காணிக்கை போடுகிறாள். உடல் கிடைக்கவில்லை, பார்த்தேன் என்று ஒருத்தர் கிடைக்கவில்லை.

அடிச்சி சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. அடுத்த பிறவியில் நான் திரும்பி வரும்போதும் கைனெனேதான் என் சகோதரி என்று ஒலான்னா கணவனிடம் சொல்கிறாள். அவள் செத்துவிட்டாள் என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.